பழைய கொம்பாக்கின் மெமரி: கழற்றிய சிப்பா, வாங்கிய சிப்பா, புது அட்டையா?

மாமா கொழும்பில் ஏதோ ஓர் ஏலத்தில் எடுத்துவந்த கொம்பாக் போர்ட்டபிள் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே பல வருடம் கிடந்தது. 1983இல் விற்பனைக்கு வந்த கணினி. பெயர்தான் போர்ட்டபிள், நிறை கிட்டத்தட்ட 13 கிலோ. கால் மூட்டை சீமெந்தைக் கைபிடி போட்டுத் தூக்குவதுபோல இருக்கும். தூசி தட்டிப் போட்டுப் பார்த்தபோது திரையில் 201 என்று வந்தது. ஐபிஎம் வகைக் கணினிகளில் 201 என்றால் மெமரிக் கோளாறு. பக்கத்தில் 04 என்றும் நின்றது, அதாவது மூன்றாவது பிட். ஒரு வரிசையில் ஒன்பது சிப்: எட்டு பிட்டுக்கு எட்டு, பிழை பிடிக்கும் பரிட்டிக்கு ஒன்று. அந்த ஒன்பதில் குற்றவாளி யார் என்று கணினியே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன, மாற்றவேண்டியதுதான். எதைப் போட்டு மாற்றுவது என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

இந்தக் கணினியின் மின்சுற்றுப் பலகையில் இருப்பது 4164 என்ற மெமரிச் சிப். 16 காலுள்ள சிப், 65,536 பிட், 5 வோல்ட் மட்டும் போதும்.

முதலில் பழைய கையிருப்பு என்று இணையத்தில் விற்கும் 4164களை வாங்கினேன். பத்து வந்தது, நான்கு செத்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தால் மேலே இருந்த எழுத்து கறுப்போடு சேர்ந்து வந்தது. சுரண்டி வேறு எண் அச்சடித்த சரக்கு. நல்ல விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருகோணமலையில் இருப்பவருக்கு ஒரு சிப்பின் விலை பெரிய விஷயமில்லை. தபாலுக்குக் காத்திருக்கும் வாரங்களும், வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாத நிலையும்தான் உண்மையான செலவு.

அடுத்த வழி, கழித்துப்போட்ட பலகையிலிருந்து கழற்றுவது. என்.சி. வீதிப் பக்கம் றேடியோ, ரீவி திருத்தும் ஓர் அண்ணனிடம் 286 என்ற பழைய கணினி வகையின் பலகைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றில் இருப்பது 4164 இல்லை, 41256. நான்கு மடங்கு பெரியது, ஆனால் கால் அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் முதலாம் காலில். 4164இல் அது சும்மா இருக்கும், 41256இல் அது ஒன்பதாவது முகவரிக் கால். அதை அந்தரத்தில் விட்டால் சிப் நினைத்த இடத்தில் எழுதும், நினைத்த இடத்தில் வாசிக்கும். ஆகவே முதலாம் காலை வெளியே வளைத்து, நேர் எதிரே இருக்கும் 16ஆம் காலோடு ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட வேண்டும். 16 தரைக்கால், அதாவது பூச்சிய வோல்ட். அவ்வளவுதான் வேலை. சிப்பின் மேல் -15 என்று இருந்தால் 150 நானோ விநாடியில் பதில் சொல்லும், 4.77 மெகாஹேர்ட்ஸில் ஓடும் இந்தக் கணினிக்கு 200 இருந்தாலே தாராளம்.

ஆனால் இதை எல்லாப் பழைய கணினிக்கும் பொது மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகைச் சிப்பை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்ததை மறந்துவிடும். 4164களில் பல 128 சுற்றில் புதுப்பிக்கப்படுபவை. 41256க்கு 256 சுற்று வேண்டும். ஐபிஎம் வழிவந்த பலகைகளில் அந்த எண்ணிக்கை போதிய அளவு நீளமாக ஓடும், பிரச்சினையில்லை. இசட்80 செயலியோ தன் புதுப்பிப்பு எண்ணியில் ஏழு பிட்டை மட்டுமே கூட்டும், அதாவது 128. அதை நம்பிப் புதுப்பிக்கும் கணினியில் 41256 போட்டால் பாதி மெமரி கரைந்துகொண்டே இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 4164க்கும் 256 சுற்று வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

மூன்றாவது, ஐஎஸ்ஏ எனப்படும் கூடுதல் அட்டைத் துளையில் செருகும் புதுவகை மெமரி அட்டை. அதில் இருப்பது ஸ்டாட்டிக் ராம் என்ற வேறு வகைச் சிப், புதுப்பிக்கத் தேவையில்லை, சூடு குறைவு. மேல் வரிசைகள் செத்தவர்களுக்கு இது நல்ல வழி. எனக்குச் செத்தது முதல் வரிசை. கணினி எழும்புவதற்கே அது வேண்டும், அட்டை அதற்கு உதவாது. ஆகவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நல்ல சிப் ஒன்றைச் செத்ததன் மேலேயே ஏற்றிவைக்கும் வழியையும் சிலர் சொல்வார்கள். எது பழுது என்று பார்க்க நல்ல உத்தி. செத்த சிப் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேலிருப்பது வேலை செய்யும். தவறான விடையையே அடம்பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டும் சண்டைபோடும். நிரந்தரத் திருத்தமாக நான் ஒருபோதும் விடமாட்டேன்.

சரி, 41256 என்று முடிவானது. செத்த சிப்பைக் கழற்றும்போதுதான் அந்த அண்ணன் தடுத்தார்.

"தம்பி, சிப்பைக் காப்பாத்த நினைக்காத. காலை வெட்டிப்போட்டு ஒவ்வொண்டா எடு. போர்ட் கிளம்பினா என்ன செய்யப் போறாய்?"

சொன்னது சரி. உடலை முதலில் வெட்டி எடுத்து, மிச்சமுள்ள 16 கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இழுத்தால் செப்புத் தடம் உரியாது. அதன்பின், சிப்பைக் குத்தி வைக்கும் சொக்கெட். வட்டத்துளைச் சொக்கெட்தான் உப்புக்காற்றுக்கு நல்லது என்று வாங்கி வைத்திருந்தேன். ஆனால் கழற்றிய சிப்பின் காலில் பழைய ஈயம் ஒட்டியிருக்கும், அந்தத் துளைக்குள் போகாது. இரண்டு பக்கமும் பிடிக்கும் தகட்டுச் சொக்கெட்டுக்கு மாறினேன். வாடைக்காற்றுக் காலத்தில் வீட்டு ஜன்னல் கம்பியே பிசுபிசுக்கும் ஊர் இது. வருடத்துக்கு ஒருமுறை சிப்பைக் கழற்றித் திரும்பக் குத்தத்தான் வேண்டியிருக்கும்.

உப்புவெளியில் இருக்கும் நண்பரின் ஒஸ்போன் 1 வேறு கதை. ஊர்ப் பெயரிலேயே உப்பு, கேட்கவேண்டுமா. அது 1981இல் வந்த கணினி, 64 கிலோபைட்டுக்கு 32 சிப், எல்லாம் 4116. இந்த 4116க்கு +12, +5, -5 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். -5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். அது மட்டும் அறுந்தால் நல்ல சிப்புகளும் சேர்ந்து சாகலாம். அவர் பழைய 4116களையே தேடிக்கொண்டிருக்கிறார், மூலப்படி இருக்க வேண்டுமாம். நான் 4164 போடச் சொல்கிறேன்: முதலாம் காலைத் தூக்கிவிட்டு, எட்டாம் காலை +12இலிருந்து விலக்கி +5க்குக் கொடுத்து, ஒன்பதாம் காலை +5இலிருந்து விலக்கித் தரைக்குக் கொடுத்தால் 4116 செய்யும் வேலையை அது செய்யும். ஒன்பதாம் கால் தரையில் நிற்பதால் 128 சுற்றுப் பிரச்சினையும் எழாது. ஒன்றிரண்டு சிப்புக்கு இது பத்து நிமிட வேலை. 32க்கும் என்றால் ஒரு சனி, ஞாயிறு போகும். நண்பர் இன்னும் சம்மதிக்கவில்லை.

அவரிடமே டிஆர்எஸ்-80 மொடல் 100 என்ற பழைய கையடக்கக் கணினி ஒன்றும் இருக்கிறது. அதில் மெமரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பலகையில் பற்றவைத்திருக்கும் நிக்கல் காட்மியம் பற்றரியை வெட்டி எடுக்கச் சொன்னேன். கசிந்தால் தடங்களைத் தின்றுவிடும். அதையாவது போன ஞாயிறு செய்துவிட்டார்.