காய்ந்த சால்டர் பேஸ்ட்டுக்கு ‘நாலு சொட்டு’ மருந்து: ஏமாந்துவிடாதீர்கள்

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 63/37 சால்டர் பேஸ்ட் 50 கிராம் டப்பா ஒன்று வாங்கினேன், 380 ரூபாய். சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கிற உலோகப் பொடிக் குழைவு அது, 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். வீட்டுக்கு வந்து திறந்தால் மேலே பாலாடை மாதிரி தோல், அடியில் ஈர மணல். தேதி ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெறும் பசைதான் மிச்சம். வாங்கும்போதே அதைப் பார்க்காதது என் தப்பு, சரி. மறுநாள் கொண்டுபோய்க் கேட்டதற்கு, “எல்லா டப்பாவும் இப்படித்தான் சார் வரும், இதை நாலு சொட்டு விட்டுக் கலக்குங்க, புதுசாயிடும்” என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டிலை 120 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள்.

பல்குச்சியால் கலக்கியதும் வெண்ணெய் மாதிரிதான் ஆனது. ஸ்டென்சிலில், அதாவது ஓட்டை போட்ட தகட்டின் வழியாக, போர்டில் இழுத்து, ரெசிஸ்டர்களை ட்வீசரால் ஒவ்வொன்றாக வைத்து முடிப்பதற்குள் மறுபடி மணல். ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால் சடசடவென்று தெறிக்கிறது, ரெசிஸ்டர் நகர்கிறது, லென்ஸில் பார்த்தால் ஐசி கால்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத பொடி உருண்டைகள். போர்டு ஷார்ட்.

அப்புறம்தான் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் கடை வாசம், தின்னரேதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. அது 82 டிகிரியில் கொதிப்பது, அசிட்டோன் 56லேயே பறந்துவிடும், இந்த சால்டரோ 183ல்தான் உருகும். பேஸ்ட்டுக்குள் கம்பெனிக்காரன் கரைப்பானாகப் போடுவது பெரும்பாலும் 200 டிகிரிக்கு மேல் கொதிக்கிற கிளைக்கால் ஈதர் மாதிரி சமாச்சாரம், சட்டென்று ஆவியாகாது. அதோடு, பழைய பேஸ்ட்டில் போனது கரைப்பான் மட்டுமில்லை. உலோகத் துகளின் மேல் ஆக்சைடு ஏறி, அதைத் தின்கிற ஃப்ளக்ஸும் தீர்ந்துபோயிருக்கும். எதை ஊற்றினாலும் அது திரும்ப வராது.

லேசாக இறுகியிருந்தால் மட்டும் ஜெல் ஃப்ளக்ஸ் துளி விட்டுக் கலக்கிப் பாருங்கள். உடைந்த டைல்ஸ் துண்டில் ஒரு பொட்டு வைத்துச் சூடு காட்டுங்கள், ஒரே பளபள உருண்டையாகத் திரண்டால் பிழைத்தது. சுற்றிலும் பொடி உருண்டைகள் ஒளிவட்டம் மாதிரி நின்றால் ஒதுக்கிவிடுங்கள். ஈயம் கலந்தது, சமையலறைக் குப்பையில் போடாதீர்கள், கையையும் கழுவுங்கள்.

திரும்பப் போய்ப் பணம் கேட்டேன். “நீங்க சூடு அதிகமா வெச்சிருப்பீங்க சார்” என்றார்கள். அந்த பாட்டிலை வீட்டு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பிரஷ் கழுவ எடுத்து வைத்திருக்கிறேன்.