பிரஷர்ட்ரோலா, வேப்பர்ஸ்டாட்டா?

நியூயார்க், பாஸ்டன் பக்கம் நூறு வருடப் பழைய வீடு வாங்கினால், பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் நீராவி பாய்லர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்மேல் சுருள் குழாய் ஒன்றில் சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஏறினால் பர்னரை அணைப்பதும், இறங்கினால் மறுபடி மூட்டுவதும் அதன் வேலை. பெட்டி பிரஷர்ட்ரோலாக இருக்கலாம், வேப்பர்ஸ்டாட்டாகவும் இருக்கலாம்.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு நீராவி போவதும் தண்ணீர் திரும்புவதும் ஒரே குழாயில் என்றால், அந்த ஒற்றைக் குழாய் வீட்டுக்கு என் ஓட்டு பிரஷர்ட்ரோலுக்குத்தான். ஹனிவெல்லின் வழக்கமான மாடலில் மேல் திருகை 0.5-இலும், மூடிக்குள் இருக்கும் வெள்ளைச் சக்கரத்தை 1-இலும் வைத்தால், இரண்டும் சேர்ந்து 1.5 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பர்னர் அணையும். திருகை 0.5-க்குக் கீழே இறக்காதீர்கள்; உள்ளே இணைப்பு கழன்றுவிடும்.

ஒரு அறை சூடாகவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் போகிற பிளம்பர்கள் உண்டு. அது தப்பு. ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்று வெளியேறவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பார்க்க வேண்டியது அந்தக் காற்றை வெளியே விடும் ஏர் வென்ட்டை. அழுத்தம் ஏறினால் எரிபொருள் வீணாவதோடு, திரும்பி வரும் தண்ணீரும் குழாயில் மேலே தேங்கும். 1 பிஎஸ்ஐக்குச் சுமார் 28 அங்குலம்!

நீராவிக்கு ஒன்று, திரும்பும் தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு குழாய் உள்ள வேப்பர் அமைப்பு என்றால் கதை வேறு. அது சில அவுன்ஸ் அழுத்தத்திலேயே ஓடும்படி கட்டப்பட்டது. 16 அவுன்ஸ் சேர்ந்தால்தான் 1 பிஎஸ்ஐ. அந்த நுணுக்கம் பிரஷர்ட்ரோலுக்கு வராது. விலை கூடுதல்தான், ஆனாலும் அங்கே வேப்பர்ஸ்டாட்டையே போடுங்கள். பிரஷர்ட்ரோலைக் கழற்றி எறிய வேண்டாம். கொஞ்சம் உயர்ந்த அளவில் வைத்துத் தொடராக வயரிங் செய்தால், ஒன்று கைவிட்டாலும் மற்றது பர்னரை அணைக்கும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. இரண்டையும் கெடுப்பது கீழே உள்ள அந்தச் சுருள் குழாய்தான். அதில் தேங்கும் தண்ணீர், சுடு நீராவி பெட்டியைத் தொடாமல் காக்கிறது. ஆனால் துருச்சேறு அடைத்துக்கொண்டால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது, பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். வருடம் ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன், மின்சாரத்தை நிறுத்தி, பாய்லர் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். வாயால் ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். கறுப்புச் சேறு ஒழுகினால் கம்பி விட்டுக் கழுவுங்கள். அசையவில்லையென்றால் பித்தளையில் புதிது வாங்கிவிடலாம். திரும்ப மாட்டும்முன் சுருளில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

அப்புறம், பாய்லரோடு வரும் 0–30 பிஎஸ்ஐ கேஜில் 1.5 என்பது முள் லேசாக நகர்வது மட்டுமே. அதைக் கழற்றாமல், பக்கத்தில் 0–3 கேஜ் ஒன்று சேர்த்தால், பெட்டி சொன்ன அளவில்தான் அணைகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.