பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கான இசைப் பயிற்சி: ஒரு மதிப்புரை

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இசையின் அடிப்படைகளைக் கற்பிக்கும் முறையை ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் சனிக்கிழமை வகுப்பொன்றை, நாகர்கோவிலில் ஓர் இசைப்பள்ளி நடத்திவருகிறது. மழலையர் பள்ளி ஆசிரியைகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருவோரும் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கங்களிலிருந்து வந்து படிக்கிறார்கள். முறையாகச் சங்கீதம் பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அண்மையில் இப்பயிற்சியை முடித்தவள் என்ற முறையில், சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி தாளம் பற்றியது. சிறு குழந்தை தன் போக்கில் கைதட்டும் வேகம் பெரியவர்களின் வேகத்தைவிடக் கூடுதலானது. ஆகவே குழந்தையை நம் காலப்பிரமாணத்துக்கு (பாடும் வேகத்துக்கு) இழுக்காமல், முதலில் குழந்தை தட்டும் வேகத்துக்கு நாம் பாடிச் சேர வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தபோது, தாளத்தில் நிற்கவே மாட்டான் என்று நான் எண்ணியிருந்த பையன் பாட்டு முடியும்வரை பிசகாமல் தட்டினான். ஆதி தாளத்தின் ஒரு லகுவும் (நான்கு எண்ணிக்கை) இரண்டு திருதமும் (தலா இரண்டு எண்ணிக்கை) சேர்ந்த 8 அட்சரங்களை விரல் எண்ணிக்கையாகக் கொடுப்பதற்கு முன், நடப்பதும் நிற்பதுமாகக் கால்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் மாவட்டத்து நாட்டுப்புற ஆட்டமான களியலில் கோல் தட்டிச் சுற்றிவரும் முறையையும், வில்லுப்பாட்டில் முன்பாட்டுக்குப் பின்பாட்டுக்காரர்கள் பதில் கொடுக்கும் முறையையும் பாடத்தோடு இணைத்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆசிரியர் ஒரு வரி பாட, குழந்தைகள் அதைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்குக் கோயில் கொடைகளிலேயே காதில் விழுந்த ஒன்று.

சுரங்களை அறிமுகப்படுத்தும் முறையும் சிந்தித்து அமைக்கப்பட்டது. கர்நாடக இசை முன்னோடி புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் சரளி வரிசை, அதாவது சுரங்களை ஏற்றியும் இறக்கியும் பாடும் தொடக்கப் பயிற்சி, மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்தில் ரிஷபத்துக்கும் (ரி) காந்தாரத்துக்கும் (க) இடையிலுள்ள பெரிய தாண்டல் நான்கு வயதுக் குரலுக்கு எளிதாக வருவதில்லை. எனவே மோகன ராகத்தின் பஞ்சமம் (ப), காந்தாரம் (க) என்ற இரண்டு சுரங்களிலேயே சில வாரங்கள் நின்று, கூப்பிடுவதும் பதில் சொல்வதுமான சிறு வரிகளைப் பாடவைக்கிறார்கள். ஹங்கேரியின் இசையமைப்பாளரும் இசைக்கல்வியாளருமான சோல்டான் கோடாய் (1882–1967) வழிவந்த ஆசிரியர்களும் இதே இடைவெளியில் இறங்கும் இரண்டு சுரங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கைச்சைகைகளை, கீழ்ச் சட்ஜம் (ச) இடுப்பளவிலும் மேல் சட்ஜம் நெற்றியளவிலும் வருமாறு, நம் சுரப்பெயர்களோடு இப்பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். சுரத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிவதால் பேசத் தயங்கும் குழந்தைகளும் உடனே சேர்ந்துகொள்கிறார்கள்.

பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் சுர உயரமான சுருதி விஷயத்தில்தான் எனக்குப் பெரிய குறை. நான்கைந்து வயதுக் குழந்தைகளில் பலருக்கு இயல்பாக வரும் எல்லை, ஏறக்குறைய கீபோர்டின் நடு ஸ்வரமான ஸி-க்கு அடுத்துள்ள டி-யிலிருந்து ஏ வரையே. சட்ஜத்தை அங்கே இரண்டு கட்டையில் (டி சுருதியில்) வைத்தால் பஞ்சமம் சரியாக அந்த எல்லைக்குள் அடங்கும். ஆனால் வகுப்பில் சுருதிப்பெட்டி பெரும்பாலும் பயிற்றுநரின் ஆண்குரலுக்குப் பொருத்தமான ஒரு கட்டையிலேயே (ஸி சுருதியிலேயே) இருந்தது. அவர் பாடியது கீழ் ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த குரல் அடுக்கில். அதைக் கேட்டுப் பழகும் ஆசிரியை தன் வகுப்பில் அப்படியே பாடினால், குழந்தைகள் சுருதியை விட்டுப் பேச்சுக்குரலுக்கு இறங்கிவிடுவார்கள். குழந்தை பாடவில்லை என்று நாம் முடிவு கட்டும் இடங்களில் பல, உண்மையில் நாம் தாழ்த்திப் பாடிய இடங்களே. இவ்வளவு முக்கியமான செய்தி ஒரே ஒரு வகுப்பில் ஓரிரு வாக்கியங்களோடு முடிந்தது ஏமாற்றமளித்தது.

கொடுக்கப்படும் கையேடு பரவாயில்லை. சுரங்களைத் தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள், பாட்டுகள்தாம் குறைவு. கட்டணமும் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்குத் தாங்கக்கூடியதே.

உண்மையான குழந்தைகளை அமர்த்தி நாம் நடத்தும் மாதிரி வகுப்பு எல்லாத் தொகுதிகளுக்கும் கிடைப்பதில்லை. பெரியவர்கள் குழந்தைகளாக நடித்து உட்கார்ந்திருக்கும் அறையில், அழும் பிள்ளையையும் ஓடும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பாட்டை நிறுத்தாமல் கொண்டுபோகும் பழக்கம் வராது. பணம் கட்டும் முன் அந்த மாதிரி வகுப்பு உங்கள் தொகுதியில் உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் மட்டும் சேருங்கள். ஏற்கெனவே தினமும் குழந்தைகளோடு இருப்பவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் சேரலாம்.