இடி விழும் ஊரில் எதை வைத்து வரைவது?

12 ஆண்டுகளாக ஞாயிற்றுப் பதிப்புச் சிறுகதைகளுக்குப் படம் வரைகிறேன். முதல் 9 ஆண்டுகள் மையில் தொட்டு வரையும் பேனா, அதன்பின் கணினியோடு இணைத்து, திரைமேலேயே வரையும் பலகை. இந்த ஆண்டு மறுபடியும் பேனாவுக்கே வந்துவிட்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு என் கணக்கு உதவும்.

வண்ணப் படம் என்றால் பலகைதான், பேச்சே வேண்டாம். கடைசி நேரத்தில் ஆசிரியர் திருத்தம் கேட்டாலும் அதுவே கைகொடுக்கும். கருப்பு வெள்ளைப் படம் என்றால் அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சாம்பல் சாயல் செய்தித்தாளில் புள்ளிகளாக உடையும், மை பரவிக் கருத்தும்விடும். கருப்புக் கோடும் குறுக்குக்கோட்டு நிழலும்தான் நிற்கும். தாளில் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தாலும், கிளிப் ஸ்டூடியோ என்ற வரையும் செயலியில் ஒற்றை நிறத்தில் வரைந்தாலும் வாசகர் காண்பது ஒரே கோடுதான்.

பலகையில் ஒரு வசதி உண்டு: படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். அதே வசதி ஒருமுறை என்னைக் கவிழ்த்தது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் பெண்ணை வரைந்து, திருப்பிய நிலையிலேயே அனுப்பிவிட்டேன். மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பாற்குழாய்கள் சாய்ந்து ஓடும் போக்குக்கு அப்படிச் சீவினால்தான் பால் கூடுதலாக வரும். அச்சில் வந்ததோ நேரெதிர். முப்பது ஆண்டு உளி பிடித்த அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மரத்தை யார் சீவியது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ஆனாலும் என் முடிவுக்குக் காரணம் அதுவன்று, பராமரிப்பு. பேனாவுக்கு வேலை அதிகம் என்பது உண்மை. இந்தியன் இங்க்கில் அரக்கு கலந்திருந்தால் காய்ந்ததும் பேனா முள்ளின் பிளவை அடைத்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும், முடித்ததும் கழுவி ஈரமில்லாமல் எடுத்துவைக்க வேண்டும். புது முள்ளின் எண்ணெய்ப் பூச்சைச் சோப்பு நீரில் போக்காவிட்டால் மை ஒட்டாது. நம் ஊர் ஈரத்தில் ஜில்லாட் 303 என்ற முள் சீக்கிரம் துருப்பிடிக்கும். குரோமியம் பூசிய ஸீப்ரா ஜி முள் கூடுதல் நாள் தாங்கும். தாள் ஈரம் குடித்தால் கோட்டின் ஓரம் மயிரிழைபோலப் பிரியும். அதனால் தாளைச் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னில் அடைத்து வைக்கிறேன். இத்தனையும் என் கைக்கு எட்டிய வேலைகள்.

பலகைக்குத் தினசரிப் பராமரிப்பு என்று எதுவுமில்லை, கெடுகிறவரையில். ஓர் அக்டோபர் மாலை இடியில் அதன் திரை அணைந்தது. ஈப்போ அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கே திறந்து பார்க்க ஆள் இல்லை, கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம். கதைகள் காத்திருக்குமா? பழைய பேனாப்பிடியைத் தேடியெடுத்து அந்த ஐந்து படங்களையும் தாளில் வரைந்தேன். முள் உடைந்தால் அடுத்த முள்ளைச் செருக ஒரு நிமிடம் போதும். வாரந்தோறும் படம் கொடுத்தாக வேண்டியவனுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

பேட்டரியில் ஓடும் ஐபேட் இடிக்குத் தப்பிக்கும் என்பார்கள், நியாயம்தான். அண்ணன் மகளுடையதை வாங்கி நான்கு நாள் வரைந்திருக்கிறேன். கோடு இதமாக விழுந்தது. ஐந்தாறு ஆண்டு உழைக்குமா என்று அந்த நான்கு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தூரிகையிலும் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதையும் ஒப்பிடவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸீப்ரா ஜி முள்ளில் தொடங்குங்கள். 303 மிக மெல்லியது, அழுத்தும் கையைப் பொறுக்காது. பழுது நீங்கி வந்த பலகையை நான் விற்கவில்லை. தீபாவளி மலருக்கு வண்ணப் படம் கேட்டால் எடுக்கிறேன், காலையில் மட்டும். மேகம் கூடுவதற்குள் மின்செருகியைக் கழற்றிவிடுகிறேன்.