"சரிங்க" முதல் "முடியாது" வரை: ஆபீஸில் எந்தப் பதில் நமக்கு நல்லது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பக்கத்து டீம்காரர் வந்து நிற்கிறார். "திங்கட்கிழமை டெமோவுக்கு இந்த ஸ்லைடெல்லாம் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்துடுங்களேன், நீங்கதான் நல்லா பண்ணுவீங்க." இதற்கு நாலு விதமாகப் பதில் சொல்லலாம்.

யோசிக்காமல் வாயில் வருவது "சரிங்க". கேட்டவருக்குச் சந்தோஷம், நமக்கும் அந்த நிமிஷத்துக்கு நிம்மதி. நஷ்டம் அப்ரைசலில்தான், அதாவது வேலை மதிப்பீட்டில்தான் தெரியும். ஏழு வருஷம் நான் இப்படித்தான் இருந்தேன். மீட்டிங் குறிப்பு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, டீம் அவுட்டிங்குக்குப் பணம் வசூலிப்பது, எல்லாம் என் தலையில். அப்ரைசல் படிவத்தில் இதையெல்லாம் எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. "எல்லாருக்கும் உதவியா இருக்கீங்க, ஆனா ஓனர்ஷிப் பத்தலை" என்றார் மேனேஜர். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

இது பெண்களை அதிகமாகவே பிடித்துக்கொள்கிறது. பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் பற்றி அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்டபோது ஆண்கள் 51 சதவீதம் ஒப்புக்கொண்டார்கள், பெண்கள் 76 சதவீதம். பெண்களிடம்தான் அதிகமாகக் கேட்கவும் செய்தார்கள். கேட்டவர் ஆணோ பெண்ணோ, அதில் மாற்றமில்லை.

அடுத்தது "முடியாது". வாராவாரம் அதே வேலையோடு வரும் சக ஊழியருக்கு இதுதான் சரியான மருந்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் மேனேஜரிடம் இதைச் சொன்னால் திமிர் என்று பெயர் வந்துவிடும்.

"பார்த்துச் சொல்றேன்" நம் ஊரில் ஆளுக்கொரு அர்த்தம் தரும். நாம் மறுத்துவிட்டதாக நினைப்போம், அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வரும். "ஆறு மணிக்குள்ள சொல்றேன்" என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பழக்கதோஷத்தில் தலையாட்டுவது நிற்கும்.

மேலதிகாரி கேட்கும்போது என் ஓட்டு நாலாவதற்கு: "செய்றேன். ஆனா கையில இருக்கிற ரிலீஸ் வேலை புதன்கிழமைக்குப் போயிடும், பரவாயில்லையா?" முதல்முறை சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கியது. "வேண்டாம், ரிலீஸைப் பாருங்க" என்று அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். இதற்குக் கையில் என்னென்ன வேலை இருக்கிறது என்ற பட்டியல் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பக்கத்து டீம்காரரிடம் இது எடுபடாது. நம் ரிலீஸ் தள்ளிப்போனால் அவருக்கென்ன, "பரவாயில்லை" என்றே சொல்வார். அவரை நம் மேனேஜரிடம் அனுப்பிவிடலாம்.

ஆனால் மீட்டிங் குறிப்பு போன்றவற்றுக்கு இந்த நாலுமே உதவாது. நான் மறுத்தால் இன்னொரு "சரிங்க" ஆள் தலையில்தான் அது விழும். மேனேஜர்தான் முறை வைக்க வேண்டும். எங்கள் டீமில் இப்போது வாரம் ஒருவர் எழுதுகிறார், மேனேஜர் பெயரும் அந்த வரிசையில் இருக்கிறது.