பிஸ்கட் டப்பாவும் 26 கார்டுகளும்: ஆறு மார்கழிகளாக ஆடிவரும் எழுத்து விளையாட்டு

இது கர்நாடக சங்கீதத்தை வைத்து ஆடும் விளையாட்டு, கடையில் கிடைப்பது அல்ல. ஒரு பிஸ்கட் டப்பா, பழைய விசிட்டிங் கார்டுகள், ஒரு ஸ்கெட்ச் பேனா. செலவு அவ்வளவுதான். மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் சபா ஒன்றின் கேண்டீனில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றிருந்த ஒரு மதியம் உதித்த யோசனை, ஆறு மார்கழிகளாக எங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆடிட்டர், வயலின் கற்கும் அண்ணன் மகள், நான் என நான்கு பேர்.

ஒவ்வொரு கார்டின் பின்புறமும் ஓர் எழுத்து. டப்பாவைக் குலுக்கி ஒருவர் எடுப்பார். அந்த எழுத்தில் ஒரு ராகம், ஒரு பாட்டு, பாடியவரோ இயற்றியவரோ ஒருவர் பெயர். மூன்றையும் அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் புள்ளி கழியும்.

உயிர் பன்னிரண்டுக்கும் தனித்தனி கார்டு, மெய் எழுத்துக்கு ஒரு வரிசைக்கு ஒரு கார்டு. ங, ண, ழ, ள, ற, ன ஆறையும் முதல் நாளே தள்ளிவைத்துவிட்டு ஜ, ஹ இரண்டையும் சேர்த்தோம். ஷ, ஸ இரண்டும் ச-வுக்குள் அடக்கம். கூட்டினால் 26. “பேசாமல் ஏ, பி, சி, டி என்றே எழுதியிருக்கலாமே” என்றார் ஆடிட்டர். அன்று அவருக்கு மட்டும் காபி ஆறித்தான் வந்தது.

முதல் வாரத்திலேயே சிக்கல் எ-வில் வந்தது. தியாகராஜர் பாட்டு தெரிந்தவருக்கு எ கார்டு ஒரு லாட்டரி. தெலுங்கில் ஏன், யார், எவ்வளவு, என்ன என்று கேட்கும் சொற்கள் எல்லாம் எ, ஏ-வில்தான் தொடங்குகின்றன. அவரோ வாழ்நாள் முழுக்க ராமனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர். தோடி ராகத்தில் ‘எந்துகு தயராதுரா’, சங்கராபரணத்தில் ‘எந்துகு பெத்தல’, காம்போதியில் ‘எவரிமாட’, தேவாமிர்தவர்ஷிணியில் ‘எவரனி’ என்று நிற்காமல் போகும். ராகத்துக்கு எதுகுலகாம்போதி. அது யதுகுலம், ய-வில் போடுங்கள் என்று ஒருவர் சொல்வார், அதற்கொரு கால் மணி நேரம்.

இது போதாதென்று இனிஷியல்கள். எல், எம், என், எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் எல்லாமே எ. எம்.எஸ். (சுப்புலட்சுமி), எம்.எல்.வி. (வசந்தகுமாரி), எம்.டி.ராமநாதன், என்.ரமணி, எஸ்.பாலசந்தர் என்று பாதி சங்கீத உலகமும் அந்த ஒரு கார்டில் குடியேறிவிட்டது. எம்.எஸ்.ஸை ம-வில்தான் வைக்க வேண்டும், அவர் மதுரைக்காரர் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். இரண்டாம் ஆண்டு அதையே விதியாக்கினோம்: இனிஷியலை விரித்துச் சொன்னால்தான் புள்ளி. இந்த விளையாட்டில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் இது. எம்.எஸ். என்றால் மதுரை, எம்.எல்.வி. என்றால் மெட்ராஸ், எம்.டி.ராமநாதன் என்றால் மஞ்சப்பரா. மூன்று எம்-மும் மூன்று ஊர். ஜி.என்.பி. (பாலசுப்ரமணியம்) கூடலூராகிக் க-வுக்குப் போனார், டி.கே.பட்டம்மாள் தாமலாகித் த-வுக்கு வந்தார். ஜ கார்டில் ஜி.என்.பி.யை நம்பியிருந்த ஆடிட்டருக்குத்தான் நஷ்டம்.

ஸ்ரீ-யைத் தடை செய்ததும் அந்த ஆண்டுதான். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களில் ஸ்ரீ என்று தொடங்குபவை ஏராளம். அதை அனுமதித்தால் ச கார்டு வந்த உடனே ஆட்டம் முடிந்துவிடும்.

க வரிசையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மேளகர்த்தா ராகம், அதாவது வரிசை எண் கொண்ட தாய் ராகம், சொல்பவர் அதன் எண்ணையும் சொன்னால் கூடுதலாக ஒரு புள்ளி என்று வைத்திருந்தோம். சமஸ்கிருத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் கடபயாதி முறையில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் எண் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் ம ஐந்து, ய ஒன்று, திருப்பினால் 15. கணக்குதானே என்று ஆடிட்டர் உற்சாகமாக இறங்கினார். கரஹரப்ரியாவை எடுத்து, க ஒன்று, ர இரண்டு, ஆகவே 21 என்றார்.

“மாமா, 21 கீரவாணி” என்றாள் அண்ணன் மகள்.

“கணக்கு சரியாக இருக்கிறதே, அம்மா?”

“கணக்கு சரி. எழுத்துதான் வேறு. கீரவாணியில் இருப்பது முதல் க, கரஹரப்ரியாவில் இருப்பது இரண்டாவது க. அதற்கு இரண்டு. அதனால் 22.”

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே க. முப்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்பவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் மறுவாரமே பழிதீர்த்துக்கொண்டார். ஹ கார்டுக்குத் தோடி என்றார். நாங்கள் சிரிக்க, எட்டாவது மேளத்தின் பெயர் ஹனுமதோடி, ஹ எட்டு, ந பூஜ்யம், திருப்பினால் 08 என்று விளக்கினார். எண்ணுக்காக ஒட்டப்பட்ட முன்சொல்தான் அது. சங்கராபரணம் தீரசங்கராபரணமானதும் கல்யாணி மேசகல்யாணியானதும் அப்படித்தான். இருந்தாலும் புள்ளி கொடுத்தோம்.

இனி குறை. மூன்றாம் ஆண்டு முடிவில் விளையாட்டு செத்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் எல்லா விடையும் மனப்பாடம். ஈ என்றால் ஈசமனோகரி, ஞ என்றால் ‘ஞானமொசகராதா’, ஔ என்றால் ஔவையார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தோம். அந்த டிசம்பரில் ஒரு கச்சேரியில் பாடகர் ரீதிகௌளை ராகத்தைப் பாட்டு வரிகள் இல்லாமல் விரித்து ஆலாபனை செய்தபோது, ஆ-வில் பத்து ராகம் அடுக்கக்கூடிய அண்ணன் மகள் என் காதருகில் வந்து “ஆனந்தபைரவிதானே, சித்தப்பா?” என்றாள். எனக்கும் அந்த நொடியில் சந்தேகமாகத்தான் இருந்தது. முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா ஒரு விதி போட்டார். சொன்ன பாட்டில் ஒரு வரியாவது பாடிக் காட்ட வேண்டும், தொடக்க வரியான பல்லவி போதாது, அதற்கு அடுத்து வரும் அனுபல்லவி. குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. ஆடிட்டர் ஒரு மாதம் வரவில்லை. வந்த பிறகு ஆட்டம் மெதுவாகிவிட்டது; ஒரு மாலையில் 26 கார்டும் முடிந்த காலம் போய் ஏழெட்டுதான் முடிகிறது. ஆனால் த-வுக்கு ரீதிகௌளையில் ‘தத்வமறிய தரமா’வும் ம-வுக்கு ஆனந்தபைரவியில் ‘மரிவேரே கதி’யும் அடுத்தடுத்துப் பாடப்பட்ட ஒரு நாளில், இரண்டு ராகமும் எங்கே பிரிகின்றன என்று அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டது. வயலினை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே இருந்தாள். அன்று யாரும் புள்ளி எழுதவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்துகொள்ளுங்கள், ஆனால் பாடும் விதியை முதல் நாளிலேயே வையுங்கள். நான்கு பேருக்கு மேல் வேண்டாம், சண்டை பெரிதாகிவிடும். ஐ கார்டுக்கு ராகம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் கார்டு வந்தால் நாங்கள் மூவரும் பெரியம்மாவைப் பார்ப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோபாலகிருஷ்ண பாரதியின் ‘ஐயே மெத்தக் கடினம்’ என்று ஆரம்பிப்பார்.

டப்பாவின் மூடி துருப்பிடித்துவிட்டது. கார்டுகளில் எ மட்டும் ஓரம் கிழிந்து, சாம்பார் கறையோடு எழுத்தே தெரியாமல் போய்விட்டது. இந்த மார்கழிக்கு அதைப் புதிதாக எழுத வேண்டும்.