ஸ்கிராட்சா, புதிர் விளையாட்டா? பிழையை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே கேள்வி

மகளுக்கு நிரலாக்கத்தை அறிமுகப்படுத்த எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கோட் டாட் ஆர்க், பிளாக்லி கேம்ஸ் போன்ற புதிர்த் தளங்கள். பாத்திரத்தைப் பாதையின் மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அடுத்த நிலை திறக்கும். மற்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கத் தளம். வெற்று மேடை, ஒரு பூனை, ஓரத்தில் இழுத்துப் பொருத்தும் கட்டளைத் துண்டுகளான வண்ண பிளாக்குகள், அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்கிராட்ச். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

இரண்டும் இலவசம், இரண்டும் உலாவியிலேயே ஓடும். பிளாக்குகளை ஒப்பிட்டும் பயனில்லை. 2019-இல் வந்த ஸ்கிராட்ச் 3.0, பிளாக்லி கேம்ஸுக்கும் அடித்தளமான கூகுளின் பிளாக்லி என்ற பிளாக் கருவியைக் கொண்டுதான் கட்டப்பட்டது. இரண்டும் ஒரே குடும்பம். இழுத்துப் பொருத்துவதால் எழுத்துப் பிழை, விடுபட்ட அடைப்புக்குறி போன்ற தொல்லைகள் இரண்டிலும் இல்லை.

புதிர்த் தளங்களின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாக்லி கேம்ஸின் புதிர்ப் பாதையில் இத்தனை பிளாக்குகளுக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு இருக்கும். 'முன்னே போ' என்பதை வரிசையாக அடுக்கிக்கொண்டே போக முடியாது. 'திரும்பச் செய்' பிளாக்கை எடுத்தே தீர வேண்டும். சுழற்சி எதற்கு என்பது அங்கே சொல்லாமலே விளங்கிவிடும். ஸ்கிராட்சில் ஒரே பிளாக்கை இருபது முறை அடுக்கினாலும் கேட்பாரில்லை. முதல் நாள் உற்சாகத்துக்கும் புதிர்களே மேல்.

ஆனால் புதிரில் பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாக உடைக்கும் வேலையைப் புதிரை அமைத்தவரே முடித்துவிட்டார். எது சரி, எது தவறு என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். பாத்திரம் வழிதவறினால் திரை உடனே தெரிவித்துவிடும். குழந்தை ஒரு பிளாக்கை மாற்றிப் பார்க்கும், அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்று. யோசிக்காமலே கூடச் சில நிலைகளைத் தாண்டிவிடலாம். கணினி அறிவியலாளர் ஜெனெட் விங் 2006-இல் எழுதிய கட்டுரையால் பரவலான 'கணினிசார் சிந்தனை', அதாவது சிக்கலைக் கணினியால் தீர்க்கக்கூடிய படிகளாக உடைத்து யோசிப்பது என்பதன் கடினமான பாதி இங்கே கைநழுவிப் போகிறது.

ஸ்கிராட்சில் 'தவறு' என்று அறிவிக்க ஆளில்லை. என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். பூனை ஆப்பிளைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'எப்போதும்' சுழற்சிக்குள் 'தொட்டால்' நிபந்தனையை வைத்து ஓடவிட்டால், ஒரே தொடுதலில் மதிப்பெண் ஏழு, எட்டு என்று எகிறும். நிரலில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. சொன்னதைத்தான் கணினி செய்கிறது. அந்தச் சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 30 முறை ஓடுவதால், கால் நொடி ஒட்டியிருந்தாலே ஏழெட்டு முறை கூட்டிவிடுகிறது. ஆப்பிளைத் தொட்டவுடன் வேறிடத்துக்கு நகர்த்தலாம், அல்லது விலகும்வரை காத்திருக்கச் செய்யலாம். இரண்டுமே சரி, எது தன் விளையாட்டுக்குப் பொருந்தும் என்பதைக் குழந்தையே முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொரு பிழை, 'தொட்டால்' நிபந்தனையைச் சுழற்சிக்கு வெளியே வைத்துவிடுவது. நிரலைத் தொடங்கும் பொத்தானான பச்சைக் கொடியை அழுத்திய கணத்தில் ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு நிரல் ஓய்ந்துவிடும். குழந்தையோ 'பூனை தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது!' என்று கணினியோடு சண்டை பிடிக்கும். நல்ல சண்டை அது. 'நான் நினைத்தது' வேறு, 'நான் சொன்னது' வேறு என்பது அங்கேதான் உறைக்கிறது.

பிழையைத் தேடுவதற்கு உதவியும் உண்டு. மதிப்பெண் போன்ற மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறியின் பெயருக்கு அருகிலுள்ள பெட்டியில் குறியிட்டால் அதன் மதிப்பு மேடையில் தெரியும். சந்தேகத்துக்குரிய பிளாக் தொடரை மட்டும் சொடுக்கித் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு பிளாக்காக நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வசதி மட்டும் ஸ்கிராட்சில் இல்லை. அது எனக்குப் பெரிய குறை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, ஸ்கிராட்சைப் போன்ற ஸ்நாப்பில் அது உண்டு. மற்றொரு தொல்லை அலங்காரம். பூனைக்கு உடை வரைவதிலும் ஒலி சேர்ப்பதிலும் பொழுது முழுக்கக் கரைந்துபோகும், நிரல் ஒரு வரி நகர்ந்திருக்காது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால்தான் ஸ்கிராட்ச் பலன் தரும் என்று சொல்லத் தோன்றுகிறது.

நான் பார்த்தது ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கும் சூழலை மட்டுமே. ஒரே ஆசிரியர் முப்பது பேரைக் கவனிக்கும் வகுப்பில் அவரவர் வேகத்தில் நகரும் புதிர்களே கைகொடுக்கக்கூடும். அங்கே என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து முதல் ஏழு வயதுவரை இந்தப் போட்டியே தேவையில்லை, அவர்களுக்கென்றே ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது.

புதிரில் தொடங்கியே ஆக வேண்டும் என்றால், சுழற்சியும் நிபந்தனையும் பழகியவுடன் ஸ்கிராட்சுக்கு வந்துவிடுங்கள். முதல் வேலையாக, மூன்று உயிர்கள் கொண்ட சிறு விளையாட்டைச் செய்யச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் பச்சைக் கொடியை இரண்டாம் முறை அழுத்தச் சொல்லுங்கள். மாறிகள் பழைய மதிப்பையே வைத்திருக்கும் என்பதால், தொடக்கத்தில் உயிர்களை மூன்று என்று வைக்க மறந்திருந்தால் ஆட்டம் பூஜ்ஜிய உயிரோடு தொடங்கும். ஏன் என்று நீங்கள் விளக்காதீர்கள்.